தொற்றுக் காலத்தில் பார்லரைத் திறக்கச் சொல்லி மாநகராட்சி கேட்கலாமா?

கொருக்குப்பேட்டையில் வீட்டு முன்னறையில் பார்லர் நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொரோனா நேரத்தில் வெளிநாடுகளில் உள்ளூர் நிர்வாகமே 'எங்கள் ஊரில் சலூன், பார்லர்களைத் திறக்க விடுங்கள்' என்று மாநில அரசிடம் கேட்டதாகப் படித்தேன். நமக்காக ஏன் யாரும் கேட்கவில்லை? இன்னொரு முறை இப்படி வந்தால் மாநகராட்சி கேட்குமா, கேட்க அதற்கு அதிகாரம் உண்டா?"

தண்டையார்பேட்டையில் சிறு கடைகளுக்கு உரிமம், வரி, கடன் மனு வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அந்த இரண்டு வருடமும் என்னிடம் மனு எழுத வந்தவர்களில் பார்லர் நடத்தும் பெண்கள் நிறைய. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரடியான பதில் இதுதான். திறக்கும் அதிகாரம் மாநகராட்சிக்கு இல்லை. கேட்கும் உரிமை உண்டு. ஆனால் 2020-லும் 2021-லும் சென்னை மாநகராட்சியில் கேட்பதற்கு ஆளே இல்லை.

முதலில் அதிகாரம். பொதுமுடக்க உத்தரவுகள் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தவை. மத்திய அரசு ஒரு எல்லை போடும். மாநில அரசு அதை இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. மாநில உத்தரவு வந்த பிறகு மாநகராட்சியின் வேலை அதை நடைமுறைப்படுத்துவது, கடைகளைச் சோதிப்பது, எந்தத் தெருவைத் தகரம் வைத்து அடைப்பது என்று பார்ப்பது. ஆக, மாநகராட்சி தானாக ஒரு பார்லரைக்கூடத் திறந்துவிட்டிருக்க முடியாது. ஆனால் எந்த மண்டலத்தில் தொற்று எவ்வளவு, எந்த வார்டில் எத்தனை கடை, எந்தத் தெருவில் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்ற விவரமெல்லாம் அதன் கையில்தான் இருந்தது. 'இன்ன இடத்தில், இன்ன நிபந்தனையோடு திறக்கலாம்' என்று ஆதாரத்தோடு மேலே எழுதக்கூடிய ஒரே அமைப்பு அதுதான்.

கலிபோர்னியாவில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் படித்தது அதுபோன்ற ஒன்றாக இருக்கலாம். 2020 மே மாதம் அந்த மாநிலம் ஒரு வழிமுறை வைத்தது. ஒரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரியான அமைப்பு, மற்றவர்களைவிட வேகமாகத் தளர்வு வேண்டுமென்றால் அதன் சுகாதார அதிகாரி 'எங்களிடம் இவ்வளவு பரிசோதனை வசதி, இவ்வளவு படுக்கை இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதோடு மக்கள் தேர்ந்தெடுத்த கவுண்டி மன்றத்தின் ஆதரவுக் கடிதமும் வேண்டும். அந்த மாதக் கடைசியில் பல கவுண்டிகளில் முடிதிருத்தும் கடைகள் திறந்தன. ஜூலையில் தொற்று ஏறியதும் திரும்ப உள்ளே வேலை செய்யத் தடை வந்தது, அப்புறம் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுச் செய்ய அனுமதித்தார்கள். அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளூர் மன்றத்தின் கடிதத்துக்கு அந்த நடைமுறையிலேயே ஒரு இடம் இருந்தது. நமக்கு அந்த இடமும் இல்லை, கடிதம் எழுத மன்றமும் இல்லை.

மன்றம் இல்லை என்பதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். 1688-இல் தொடங்கிய மாநகராட்சி இது. அதில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கும் மேல் மேயர் கிடையாது, 200 வார்டில் ஒரு கவுன்சிலர் கிடையாது. ஆணையரே தனி அலுவலராக இருந்து நிர்வாகத்தை நடத்தினார். முதல் அலையும் இரண்டாம் அலையும் முழுக்க அந்த இடைவெளிக்குள் வந்து போயின.

அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் முகாம், வீடு வீடாகச் சோதனை, தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குச் சாமான் வாங்கித் தர தன்னார்வலர்கள் என்று களத்தில் நின்றார்கள். ஆனால் அதிகாரி அரசின் உத்தரவை நிறைவேற்றுபவர். 'ஐயா, இந்த உத்தரவால் எங்கள் வார்டில் இத்தனை பெண்களுக்கு அடுப்பு எரியவில்லை' என்று அரசுக்கு எதிர்த்திசையில் பேசுவது அவர் வேலையில் சேராது. அது கவுன்சிலரின் வேலை.

எம்.எல்.ஏ. இருந்தாரே என்று கேட்பீர்கள். திருவொற்றியூரில் அதுவும் இல்லை. அங்கே உறுப்பினராக இருந்த கே.பி.பி. சாமி 2020 பிப்ரவரி 27-இல் காலமானார், முடக்கம் தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. இடைத்தேர்தல் நடக்கவில்லை. 2021 பொதுத்தேர்தல் வரை அந்தத் தொகுதியின் இடம் காலி. திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் பார்லர் வைத்திருந்த ஒருவர் 2020 ஜூனில் யாரிடம் போய் மனு கொடுப்பார், சொல்லுங்கள்.

இப்போது கடை மூடிய கணக்கைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு 'சில மாதம் மூடியிருந்தது, அவ்வளவுதானே' என்று தோன்றும். பார்லர் தொழிலில் எந்த மாதம் என்பதுதான் விஷயம்.

2020 மார்ச் 24 மாலையிலிருந்து தமிழ்நாட்டில் 144. மே 19-இல் கிராமப்புற சலூன்களுக்கு அனுமதி வந்தது. மே 24-இல் சென்னைப் பெருநகரக் காவல் எல்லை தவிர மற்ற ஊர்களில் சலூனும் பார்லரும் திறந்தன. சென்னைக்கு ஜூன் 1, அதுவும் ஏசி போடாமல். வருபவரின் பெயர், போன் நம்பர், ஆதார் எண்ணை நோட்டில் எழுத வேண்டும் என்றும் நிபந்தனை. புருவம் எடுக்க வரும் பெண் ஆதார் நம்பரை எதற்குத் தர வேண்டும் என்று கேட்டால் கடைக்காரப் பெண் என்ன பதில் சொல்வாள்? பலர் அப்படியே திரும்பிப் போனார்கள். சரி, திறந்தாயிற்று என்று மூச்சு விடுவதற்குள் ஜூன் 19 முதல் சென்னையில் மறுபடியும் முழு முடக்கம். ஜூலை 6-இல்தான் தளர்வு. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டது.

பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை முகூர்த்தக் காலம். பார்லருக்கு வருட வருமானத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களின் பிரைடல் ஆர்டர்தான். அட்வான்ஸ் வாங்கி, செட் நகை வாடகைக்கு எடுத்து, மேக்கப் சாமான் வாங்கி வைத்திருந்தவர்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவித்தார்கள். அடுத்தது ஆடி, கல்யாணம் கிடையாது. ஆவணி வரை ஒன்றுமில்லை. 2021-இலும் இதே கதை. ஏப்ரல் 26-இல் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் சலூன், பார்லர், ஸ்பா எல்லாம் மூடச் சொன்னார்கள். சென்னையில் திறந்தது ஜூன் 14. அன்று வைகாசி கடைசி நாள். சித்திரை, வைகாசி இரண்டும் தொடர்ந்து இரண்டாவது வருடமும் போயிற்று. இதை ஒரு வார்டு கவுன்சிலர் அறிந்திருப்பார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கே அதே பார்லரிலிருந்துதான் ஆள் வந்திருக்கும். கோட்டையில் உத்தரவு தயாரிப்பவருக்கு மே மாதமும் ஆகஸ்ட் மாதமும் ஒன்றுதான்.

அரிசி அட்டைக்கு 2020-இல் முதலில் ஆயிரம் ரூபாய், ஜூன் முடக்கத்தின்போது இன்னொரு ஆயிரம், 2021-இல் இரண்டு தவணையாக நாலாயிரம் கிடைத்தது. முடிதிருத்துவோரில் நலவாரியத்தில் பதிந்தவர்களுக்குத் தொகை வந்தது, பதியாதவர்களுக்கும் 2,000 ரூபாய் என்று பிறகு அறிவித்தார்கள். நல்ல அறிவிப்புதான். ஆனால் வீட்டோடு பார்லர் வைத்திருக்கும் பெண் தான் இந்தத் தொழில் செய்பவள் என்பதற்கு எதைக் காட்டுவாள்? போர்டுகூட மாட்டியிருக்க மாட்டாள். உரிமம் எடுத்தால் வீட்டு மின் இணைப்பைக் கடைக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ, வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயத்தில் எடுக்காமலே ஓட்டியிருப்பாள். வங்கிக் கடனுக்கு 2020 ஆகஸ்ட் 31 வரை தவணைச் சலுகை இருந்தது. தினவசூல் வட்டிக்குக் கொடுக்கும் தண்டல்காரருக்கு ரிசர்வ் வங்கி சொல்வது செல்லுமா? அவர் தினமும் வாசலில் வந்து நின்றார். என்னிடம் மனு எழுத வந்தவர்களில் கண் கலங்காமல் பேசியவர்கள் குறைவு.

இவ்வளவு சொன்னதால் எப்போதும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 மே, ஜூனில் ராயபுரம் மண்டலம்தான் சென்னையிலேயே தொற்றில் முதலிடம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்த நேரம். அந்த வாரங்களில் ராயபுரத்தில் பார்லரைத் திறக்கச் சொல்லி யாராவது கேட்டிருந்தால் நானே எதிர்த்திருப்பேன். ஒரே அறையில் மாமியாரும் பிள்ளைகளும் படுத்திருக்க, திரைக்கு இந்தப் பக்கம் ஃபேஷியல் நடக்கும் வீடுகள் நமக்குத் தெரியாததா?

ஆனால் ராயபுரம் மட்டும் வட சென்னை இல்லை. மாநகராட்சி தினமும் மண்டலவாரிப் பட்டியல் வெளியிட்டது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று நம் ஆறு மண்டலத்துக்கும் தனித்தனி எண். மணலி கடைசி வரை அடிவரிசையில்தான் இருந்தது. மக்கள்தொகை குறைவு என்பதும் ஒரு காரணம், ஆனாலும் ராயபுரத்துக்கும் மணலிக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஜூலைக்குள் ராயபுரம், தண்டையார்பேட்டையில் சிகிச்சையில் இருந்தவர்கள் எண்ணிக்கை இறங்கி, கோடம்பாக்கம், அண்ணாநகர் மேலே போயின. பட்டியல் கையில் இருந்தும் விதி மட்டும் காவல் எல்லை முழுக்க ஒன்று. மணலிப் பெண்ணுக்கும் ராயபுரம் பெண்ணுக்கும் ஒரே பூட்டு. 'மண்டலவாரியாகப் பிரித்துப் பாருங்கள்' என்று கேட்க அங்கே ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

மண்டலத்தைப் போலவே வேலையையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். 'பார்லர்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டார்கள், உள்ளே நடப்பவை ஒரே மாதிரி இல்லை. மருதாணி, பெடிக்யூர், முடி வெட்டுதல் இவற்றில் இருவரும் மாஸ்க்கைக் கழற்ற வேண்டியதே இல்லை. ஃபேஷியல், ப்ளீச், அப்பர்லிப், கல்யாண மேக்கப் இவற்றுக்கு வந்தவர் மாஸ்க்கைக் கழற்றியே ஆக வேண்டும். முகத்துக்கு முகம் ஓர் அடி தூரம், முக்கால் மணி நேரம்.

ஐப்ரோ எடுப்பதைப் பாருங்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கையிலும் முறுக்கி எடுப்பதுதான் நம் பார்லர்களில் வழக்கம். மாஸ்க் போட்டால் நூலைக் கடிக்க முடியாது, அதனால் இந்த வேலையே நடக்காது என்றுதான் அதிகாரிகள் நினைத்திருப்பார்கள். நம் பெண்கள் நூலைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எடுக்கப் பழகினார்கள். வியாசர்பாடியில் ஒருவர் செய்வதைப் பார்த்தேன். மாஸ்க், அதன் மேல் ஷீல்டு, கழுத்தில் கட்டிய நூல். நூல் இறுகுவதற்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து எடுத்தார். வந்தவர் மாஸ்க்கோடே கண்ணை மூடி, இமையை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்திருந்தார். ஆள் போனதும் அந்த நூல் குப்பைக்கூடைக்குப் போனது. முதலில் கோணலாக வந்தது, பழகப் பழக நேராக வந்துவிட்டது என்றார். இப்படி வேலை தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருந்தால் எது முடியும், எது முடியாது என்று அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

மாஸ்க்கால் பலன் உண்டா என்பதற்கு சலூனிலிருந்தே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். 2020 மே மாதம் ஒரு சலூனில் முடி வெட்டும் இருவருக்குத் தொற்று, அறிகுறியோடே சில நாள் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களிடம் வந்தவர்கள் 139 பேர். வேலை செய்தவர்களும் வந்தவர்களும் மாஸ்க் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கண்காணித்ததில் அந்த 139 பேரில் யாருக்கும் அறிகுறி வரவில்லை. பரிசோதனைக்குச் சம்மதித்த 67 பேருக்கும் தொற்று இல்லை. அதே நேரத்தில் அந்த இருவரில் ஒருவரோடு வெளியே நெருங்கிப் பழகிய குடும்பத்தினருக்குத் தொற்று பரவியிருந்தது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இதை ஜூலையிலேயே வெளியிட்டது. அந்த ஊரில் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியது நகர நிர்வாகத்தின் விதி என்பதையும் கவனியுங்கள். ஒரே ஒரு கடையின் கதை இது, இதை வைத்து எல்லாம் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருவரும் மாஸ்க்கோடு செய்யக்கூடிய வேலைகளை முதலில் திறக்கலாம் என்று வாதாட இது போதும்.

இங்கிலாந்து அப்படித்தான் படிப்படியாகப் போனது. 2020 ஜூலை 4-இல் முடி வெட்டும் கடைகள், ஜூலை 13-இல் நகம், அழகு நிலையங்கள், முகத்துக்கு நெருங்கிச் செய்யும் வேலைகள் ஆகஸ்ட் நடுவில். பெண்கள் தொழிலை மட்டும் தள்ளிப் போடுகிறார்கள் என்று அங்கேயும் கோபம் எழுந்தது, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எது எப்போது என்று ஒரு வரிசை இருந்தால் காத்திருப்பவருக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும்.

மூடி வைத்தால் வேலை நின்றுவிடும் என்று நினைப்பதும் தவறு. கடை மூடியபோது வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பெண்கள் பையில் சாமானைப் போட்டுக்கொண்டு போனார்கள். ஜன்னல் சாத்திய அறை, நோட்டில் பதிவு இல்லை, போகிற வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று தெரியாது. இது கடையைவிட மோசம்.

ஆக, மாநகராட்சி எழுதியிருக்க வேண்டிய கடிதத்தில் 'திறந்துவிடுங்கள்' என்ற ஒற்றை வரி போதாது. தொற்று இத்தனை நாள் இறங்குமுகமாக உள்ள மண்டலத்தில், மாஸ்க் கழற்றாத வேலைகளை மட்டும், ஒரு நேரத்தில் ஒருவர், ஜன்னலும் கதவும் திறந்து, ஏசி இல்லாமல், ஆதார் கேட்காமல் போன் நம்பரோடு. எண்ணிக்கை திரும்ப ஏறினால் நாங்களே மூடுகிறோம். மூடியிருக்கும் மண்டலத்தில், இத்துடன் இணைத்த பட்டியலில் உள்ள பார்லர் பெண்களுக்கு வாடகைக்கு வழி செய்யுங்கள். இந்தக் கடைசி வரி இல்லாமல் எழுதும் கோரிக்கையை நான் ஏற்க மாட்டேன். திறக்கச் சொல்வதும் மூடியவர்களுக்குச் சோறு கேட்பதும் ஒரே கடிதத்தில் போக வேண்டும். இல்லாவிட்டால் பசிக்குப் பயந்து ராயபுரத்துப் பெண்ணும் திறக்கத்தான் பார்ப்பாள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அடுத்த முறை கேட்குமா? 2016-க்குப் பிறகு ஆனது போலத் தேர்தல் தள்ளிப்போகாமல் உரிய காலத்தில் நடந்து, மன்றம் என்ற ஒன்று இருந்தால் கேட்க வைக்கலாம். 2022 தேர்தலில் வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேயராக வந்த ஆர். பிரியா நம் திரு.வி.க. நகர்ப் பக்கத்துக்காரர். வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் ஏரியா சபை என்று ஒன்றும் சட்டத்தில் வந்திருக்கிறது, நடக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள். தொற்று வந்த பிறகு ஓடினால் முன்பு போலத்தான் ஆகும்.

அதற்கு முன் உங்கள் கையில் காகிதம் வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் நீங்களே போனில் செய்யலாம், காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு தரும் இ-ஷ்ரம் அட்டை போடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் உங்கள் தொழிலை எதன் கீழ் பதியலாம் என்று தொழிலாளர் நலத் துறை அலுவலகத்தில் கேட்டு, பதிந்து, புதுப்பித்து வையுங்கள். தொழில் உரிமத்துக்கு வீட்டு ஓனர் சம்மதித்தால் எடுத்துவிடுங்கள், மின் கட்டணம் எவ்வளவு கூடும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டையில் உங்களைப் போல வீட்டோடு பார்லர் நடத்துபவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் தெருவாரியாக எழுதுங்கள்: பெயர், எத்தனை பேர் வேலை, வாடகை எவ்வளவு, ஜன்னல் உண்டா இல்லையா. அப்படி ஒரு பட்டியல் இன்று மாநகராட்சியிடமும் இல்லை, உரிமம் எடுக்காத பார்லர் எதுவும் அதன் கணக்கில் வராது. கவுன்சிலரிடம் போகும்போது அந்த நோட்டின் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மனு எழுதுவதற்கு என்னிடம் வாருங்கள், அதற்குக் காசு வேண்டாம்.